எட்டாயிரம் போதும்

பெனினா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரு பெண்குரல் "சட்டை... சடை... தோசை... வாசல்..." என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனது. முடிந்ததும் திரவியம் இன்னொன்றை ஓட்டினான். அதே குரல், அதே சொற்கள்.

"எது நல்லாருக்கு டீச்சர்?"

"ரெண்டும் ஒண்ணுதானே தம்பி."

"இன்னொரு தடவை கேக்கியளா? அவசரமில்ல."

இன்னொரு தடவையும் கேட்டாள். கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் திரையில் அசையும் உதடுகள் காதின் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிடும். காது கேளாத பிள்ளைகளுக்கு உதடு பார்த்துப் பேச்சைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு அது தெரியாதா?

"ஒண்ணுதான். எந்த வித்தியாசமும் இல்ல," என்றாள்.

தென்காசியில் ஒரு பழைய நெல் கிட்டங்கியை வாடகைக்கு எடுத்து, 'துளிர்' என்ற அறக்கட்டளை தன் பயிற்சி மையத்தைத் தொடங்கியிருந்த நேரம் அது. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு உட்காதுக்குள் ஒரு கருவியை வைத்துத் தைப்பார்கள். அரிசியளவுதான் இருக்கும். தாய்மார்கள் அதை 'விதை' என்று சொல்லப் பழகி, கடைசியில் டாக்டர்களும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அதிலிருந்து இருபது சொச்சம் மெல்லிய கம்பிகள் செவி நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். கனத்த சத்தத்துக்குச் சில கம்பிகள், கீச்சுச் சத்தத்துக்குச் சில. எந்தக் கம்பி எதற்கு என்பதை விதைக்குள் இருக்கும் சிப் குழந்தையோடு சேர்ந்து தானே கற்றுக்கொள்ளும்.

அது கற்பதற்கு ஒரு பாடம் வேண்டுமல்லவா? அதைத்தான் பெனினா முகத்தைக் காட்டிப் பேச, திருத்தமாகப் பேசும் பெண்கள் சிலரும் பேச, இரண்டு வருடத்துக்கான வீடியோவாக எடுத்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் கையடக்கத் திரையுள்ள ஒரு சின்ன டேப் கொடுப்பார்கள். டேப்பிலிருந்து சத்தம் காற்றில் வராமல் நேரே விதைக்குப் போகும். பாடம் ஓடும்போது மட்டும்தான் சிப் கற்கும். மற்ற நேரத்துச் சந்தடி அதைக் குழப்பிவிடும் என்று கருவி செய்தவர்கள் அப்படி வைத்திருந்தார்கள்.

சிக்கல் டேப்பில் வந்தது. வாங்கியிருந்தது மலிவான டேப். மேக்கரைப் பக்கத்து எஸ்டேட் குடியிருப்புகளுக்கு நெட்வொர்க் எட்டாது. அதனால் இரண்டு வருடப் பாடத்தையும் டேப்புக்குள்ளேயே அடைத்துக் கொடுத்தாக வேண்டும். அடைக்க முடியவில்லை.

திரவியம் வீடியோ, ஒலி வேலைக்கு வந்திருந்த பையன். ஆழ்வார்குறிச்சிக்காரன். படித்து முடித்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். டீச்சர் என்றால் எழுந்து நிற்பான்.

"மூணு வழி இருக்கு டீச்சர். பாடத்தைக் குறைக்கலாம். இல்லன்னா படத்தைக் குறைக்கலாம், மொகம் கொஞ்சம் கலங்கலாத் தெரியும். இல்லன்னா சத்தத்தைக் குறைக்கலாம்."

"சத்தத்தைக் குறைக்கதுன்னா? மெதுவாக் கேக்குமா?"

"அப்பிடி இல்ல. சத்தங்கிறது ஒரு அலை. அதை அப்பிடியே டேப்புக்குள்ள அடைக்க முடியாது. செகண்டுக்கு இத்தனை தடவைன்னு அதைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக் குறிச்சுக்கிடணும். இப்ப பதினாறாயிரம் தடவை தொடுதோம். எட்டாயிரமாக் குறைச்சா சத்தத்துக்குப் பாதி எடம் போதும். மிச்சத்துல படம் பளிச்சுன்னு இருக்கும்."

"குறைச்சா என்ன போகும்?"

"உச்சத்துல இருக்க கீச்சுச் சத்தம் போகும். சில்வண்டு, கொலுசு, அந்த மாதிரி. பேச்சு போகாதுன்னுதான் எழுதியிருக்கான். பழைய டெலிபோன்ல எல்லாம் எட்டாயிரந்தான். அதுலதானே ஊரே பேசுச்சு?"

பெனினா யோசித்தாள். பாடத்தைக் குறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. படத்தைக் கலங்கலாக்குவது நினைத்துப் பார்க்கவே முடியாதது. உதடு தெரியாத பாடம் ஒரு பாடமா? விதை ஒருநாள் வேலை செய்யாமல் போனாலும் பிள்ளைக்கு உதடு கை கொடுக்கும். அதனால்தான் இரண்டையும் ஓட்டிக் காட்டச் சொன்னாள். கண்ணை மூடினாள். கேட்டாள்.

"எட்டாயிரமே போதும் தம்பி. படத்தை மட்டும் தொடாதே."

திரவியம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "சரி டீச்சர்," என்றான்.

*

முதல் இரண்டு வருடம் பெனினாவின் வாழ்க்கையிலேயே நல்ல காலம். முந்நூறு குழந்தைகளுக்கு மேல் விதை வைத்தாயிற்று. ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்க்கத் தொடங்கின. மிக்சிச் சத்தத்துக்கு ஒன்று அழும். பஸ் ஹாரனுக்கு ஒன்று கை தட்டும். பீடி சுற்றும் கோமுவின் மகள் இசக்கி முதன்முதலில் சொன்ன சொல் 'பூனை'. "பெத்தவ நான் இங்கன இருக்கேன், பூனைக்கு வந்த யோகத்தப் பாத்தியளா டீச்சர்," என்று கோமு கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பிள்ளை பிறக்க நேர்ந்துகொண்டு, பிறந்ததும் குலதெய்வத்தின் பெயரையே வைத்திருந்தாள். அந்தப் பெயரைப் பிள்ளை காதால் கேட்கவேண்டும் என்று மறுபடியும் நேர்ந்துகொண்டுதான் ஆபரேஷனுக்கே சம்மதித்தாள்.

தேர்வுகளில் எல்லாக் குழந்தைகளும் தேறின. தேர்வும் அதே டேப்பில்தான். திரையில் ஒரு முகம் கேட்கும், பிள்ளை பதில் சொல்லும். மையத்துக்கு வரும்போது பெனினா முன்னால் உட்கார்ந்து, "என் மொகத்தப் பாரு," என்று தாடையைத் தொட்டுத் திருப்பிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள். அது அவள் கையில் ஊறிய பழக்கம்.

இசக்கிக்கு ஏழு வயதான வருடம், ஒரு காலையில் கோமு அவளை இழுத்துக்கொண்டு மையத்துக்கு வந்தாள்.

"டீச்சர், இவ ஒரு மாதிரி சொல்லுதா. எனக்கு வெளங்கல. நீங்களே கேளுங்க."

இசக்கி தயங்கவில்லை. வாயாடிப் பிள்ளை. "அம்மா முன்னாடி நின்னு கூப்பிட்டா என் பேரு முழுசா இருக்கு. தலை வாரும்போது பின்னாடி இருந்து கூப்பிட்டா நடுவுல ஓட்டை விழுந்திருக்கு."

"ஓட்டையா?"

"ஆமா. இ... அக்கி. அப்பிடித்தான் கேக்குது."

பெனினா முதலில் சிரித்தாள். பிறகு மேஜையில் கிடந்த ஃபைலை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டாள்.

"நான் சொல்லுததத் திருப்பிச் சொல்லு. பூனை."

"பூனை."

"மரம்."

"மரம்."

"சட்டை."

"அட்டை."

"சடை."

"அடை. திங்கிற அடையா டீச்சர்?"

"தோசை."

இசக்கி விழித்தாள். "தோ... தெரியல. ஃபைலை எடுங்க டீச்சர்."

பெனினா ஃபைலை எடுத்தாள். "தோசை."

"தோசை!" என்றாள் பிள்ளை உடனே, பளிச்சென்று, ஒரு குறையும் இல்லாமல்.

கோமு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்கப் பெனினா மற்றப் பிள்ளைகளையும் வரவழைத்து ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டு கேட்டாள். எல்லாரும் அட்டை என்றார்கள். எல்லாரும் அடை என்றார்கள். அன்றைக்குத் தன் கண்ணை மூடிக் கேட்டவள், இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையின் கண்ணைக்கூட மறைத்துப் பார்க்கவில்லை.

*

திரவியம் பெங்களூரில் இருந்தான். பெனினா போனில் விவரம் சொன்னதும் மறுநாளே தென்காசி வந்துவிட்டான். கல்யாணமாகி, கன்னத்தில் சதை போட்டு, கண்ணாடி மாட்டியிருந்தான். டீச்சரைக் கண்டதும் இப்போதும் எழுந்து நின்றான்.

இசக்கியின் விதையில் இருந்த பதிவைக் கணினியில் திறந்தார்கள். கம்பிகள் வரிசையாகத் தெரிந்தன. கடைசி ஆறும் கறுப்பாக இருந்தன.

"அணைஞ்சு கெடக்கு," என்றான் திரவியம்.

"கெட்டுப்போச்சா?"

"கெடல. சிப்தான் அணைச்சிருக்கு. ரெண்டு வருசமாப் பாடம் ஓடியிருக்கு. அதுல உச்சச் சத்தம் ஒரு துளிகூட இல்ல, நாமதான் வெட்டிட்டோமே. இந்தக் கம்பிக்கு வேலையே இல்லன்னு சிப் முடிவு பண்ணிட்டு. பேட்டரி மிச்சம்னு நிறுத்திருச்சு."

"அப்ப மறுபடி ஏத்திவிடு தம்பி."

"கம்பிய ஏத்திரலாம் டீச்சர்." அவன் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "டாக்டர்கிட்ட பேசிட்டுத்தான் வாரேன். சின்ன வயசுல சத்தம் போகாத நரம்பு அதுக்கப்புறம் சத்தம் வாங்காதாம். ஏத்துனா பிள்ளைக்கு வலிக்கும், அவ்வளவுதான். மறுபடி ஆபரேஷன் பண்ணலாம். பண்ணுனா இருக்கதும் போகலாம்னு சொல்லுதாரு."

"சிப் இப்படிச் செய்யும்னு உனக்குத் தெரியாதா?"

"விதை செஞ்சவங்களும் டேப்புக்குப் பாடம் ஏத்துனவங்களும் ஒருநாளும் ஒரே அறையில உக்காரல டீச்சர். அவங்க எங்கிட்ட சொல்லல. நானும் கேக்கல."

பெனினா திரையில் கறுத்துக் கிடந்த கம்பிகளைப் பார்த்தாள். "எனக்கு அதுகூடப் பெரிசில்ல தம்பி. நான் கேட்டேனே. கண்ணை மூடிட்டுக் கேட்டேனே. சட்டைன்னுதானே கேட்டுது? அட்டைன்னு கேக்கலியே?"

"நமக்கு அப்பிடித்தான் கேக்கும். சட்டைன்னு ஒரு சொல்லு இருக்கது நமக்குத் தெரியும். காது விட்டத மூளை போட்டு நிரப்பிரும். இந்தப் பிள்ளைகளுக்கு நிரப்புறதுக்கு உள்ள என்ன இருக்கு?" என்றவன், பையிலிருந்து ஒரு நல்ல ஹெட்போனை எடுத்தான். "அன்னைக்கு டேப் ஸ்பீக்கர்ல கேட்டோம். அதான் தெரியல. இப்ப கேளுங்க."

அவள் மாட்டிக்கொண்டாள். எட்டாயிரம் ஓடியது. பதினாறாயிரம் ஓடியது.

"இப்ப தெரியுதா டீச்சர்?"

"இல்ல தம்பி. ஒண்ணு மாதிரித்தான் இருக்கு."

திரவியத்தின் முகம் மாறியது. விசைப்பலகையில் ஏதோ தட்டினான். "உச்சச் சத்தத்தை மட்டும் தனியாப் போடுதேன். பேச்சு இருக்காது. நாம வெட்டுன பகுதி மட்டும்."

பெனினா காத்திருந்தாள். வெளியே ஒரு ஆட்டோ போயிற்று.

"போடு தம்பி."

அவன் அவள் முகத்தையே பார்த்தான்.

"இன்னும் போடலியா?"

"ஓடிக்கிட்டு இருக்கு டீச்சர்."

அவள் ஹெட்போனை மெதுவாகக் கழற்றினாள். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். முந்நூறு பிள்ளைகளின் காதைச் சோதித்தவளை யாரும் சோதிக்கவில்லை. எந்த வயதில் போனதோ, எப்படிப் போனதோ, தோசை என்றால் தோசை என்றுதான் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு உனக்கு வித்தியாசம் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

திரவியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "கொஞ்சம் தெரிஞ்சுது. நீங்க இத்தனை வருசம் இதுலயே இருந்தவங்க. நீங்களே ஒண்ணுங்கும்போது என் காதுதான் தப்புன்னு நெனச்சேன்."

அவன் அன்று எழுந்து நின்றிருக்கக் கூடாது என்று பெனினாவுக்குத் தோன்றியது. எந்தப் பிள்ளையும் அவள் முன்னால் எழுந்து நின்றிருக்கக் கூடாது.

*

அறக்கட்டளைக்காரர்கள் கூடினார்கள். நிர்வாகி ராஜகோபால் கெட்டவர் இல்லை. விதைக்காக ஊர் ஊராகப் போய்க் கையேந்தியவர். பெனினா ஃபைலால் வாயை மறைத்து ஒரு பிள்ளையைப் பேசவைத்துக் காட்டியதும் அவருக்கு வேர்த்துவிட்டது.

"புதுப் பிள்ளைகளுக்குப் பதினாறாயிரத்துலயே ஏத்திருவோம். இன்னைக்கு வார டேப்புல இது மாதிரி பத்துப் பாடம் பிடிக்கும்," என்றார். "ஆனா பழைய பிள்ளைகளப் பத்தி வெளிய பேசவேண்டாம் டீச்சர். அதுக பேசுது, படிக்குது. ஒரே ஒரு ஒலிதானே போச்சு? இதைச் சொன்னா நாளைக்கு எந்தத் தாய் பிள்ளையக் கொண்டாந்து விடுவா? வராத பிள்ளைக்கு மொத்தமும் போகும். அதையும் யோசிங்க."

பெனினா யோசித்தாள். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளைச் சங்கடப்படுத்தியது. அன்றைக்கும் ஒரு பொய்யும் இல்லாமல்தான் முடிவெடுத்தார்கள்.

வேலையை விட்டு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வீடு வீடாகப் போனாள். முதலில் போனது கோமுவின் வீட்டுக்கு.

கோமு மடியில் முறத்தை வைத்துப் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். பெனினா எதையும் மறைக்கவில்லை. படமா சத்தமா என்று வந்த கேள்வி, எட்டாயிரம், அணைந்த கம்பிகள், தன் காது, எல்லாம் சொன்னாள். கோமுவின் கத்தரி பாதியிலேயே நின்றுவிட்டது.

"அப்ப அவ பேரை அவ கேக்கவே மாட்டா."

"முழுசாக் கேக்க மாட்டா கோமு."

"ஆபரேஷன் பண்ணுனா?"

"இருக்கதும் போயிரலாம். நான் பண்ணச் சொல்ல மாட்டேன். ஆனா சொல்லுத தகுதி எனக்கு இல்ல."

கோமு வெட்டிய இலைகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பெனினாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்கள்ல ஒருத்தியக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்லா டீச்சர்?"

"கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தாலும் எனக்கென்ன தெரியும்? நானும் படத்தத் தொடாதீங்கன்னுதான் சொல்லியிருப்பேன்." கத்தரியை முறத்தில் போட்டாள். "ஆனா அது நான் எம்பிள்ளைக்கு எடுத்த முடிவா இருந்திருக்கும். தப்பாப் போனாலும் என் தப்பா இருந்திருக்கும். இப்ப யாருகிட்டப் போயி நான் அழ?"

கோமு எழுந்து உள்ளே போனவள் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு கோமு அவளோடு பேசவில்லை. சந்தையில் எதிரே வந்தால் மறுபக்கம் திரும்பிக்கொள்வாள். வேறு சில தாய்மார்கள் வீடு தேடி வந்து ஏசிவிட்டுப் போனார்கள். ஒருத்தி, "சொல்லாமலே இருந்திருக்கலாம் டீச்சர், நிம்மதியா இருந்தேன்," என்று அழுதாள். செய்தி பரவி, மையத்துக்கு வருகிற குழந்தைகளும் குறைந்தார்கள். ராஜகோபால் பயந்தது போலவே நடந்தது. வராமல் போன குழந்தைகளின் கணக்கும் பெனினாவின் நெஞ்சில் ஏறிக்கொண்டது.

திரவியம் வற்புறுத்தி அவளுக்கு ஒரு செவிக்கருவி வாங்கி அனுப்பினான். காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வது. மாட்டிய அன்று குழாய் சொட்டும் சத்தம் கேட்டது, செருப்பு மண்ணில் உரசும் சத்தம் கேட்டது. தோட்டத்துச் சில்வண்டு கேட்டதும் அவள் உடனே அதைக் கழற்றி டப்பாவில் வைத்து மூடினாள். அவளுக்குப் போனது ஒரு நொடியில் திரும்பி வந்துவிட்டது. யாருக்கு வரவேண்டுமோ அவர்களுக்கு வராது. அதன்பின் வெளியே போகும்போது மட்டும் போட்டுக்கொண்டாள்.

*

இரண்டு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலயம் விட்டு வந்து அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முன்கதவில் நிழல் தட்டியது. இசக்கி. நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். தெருவில், வேப்பமரத்தடியில், கோமு நின்றாள். உள்ளே வரவில்லை.

"அம்மா வரலயா?"

"வரமாட்டா. கூட்டிட்டுப் போன்னு நாந்தான் ரெண்டு நாளாப் படுத்துனேன். வாசல் வரைக்கும் வாரேன்னு வந்தா." இசக்கி டீச்சரின் காதையே பார்த்தாள். "உங்க மெஷின் எங்க டீச்சர்? சந்தையில போட்டிருந்தியளே."

"டப்பால இருக்கு."

"ஏன் கழட்டிட்டிய?"

பெனினா எச்சிற்கையோடு எழுந்து நின்றாள்.

"போட்டுக்கிடுங்க. எனக்கு ஒரு காரியம் ஆகணும்," என்றாள் பிள்ளை. "பள்ளிக்கூடத்துல நாளைக்குப் பேச்சுப்போட்டி. மேடையில ஏறுனதும் பேரு சொல்லணும். எனக்கு அது சரியா வருதான்னு தெரியாது. நான் சொன்னாலும் எனக்கு ஓட்டையாத்தான் கேக்குது. பல்லுல காத்துப் பட்டா வந்திருக்கும்னு சொல்லிக்கிடுவேன். நெசமா வருதான்னு நீங்க கேட்டுச் சொல்லணும்."

"அம்மாகிட்ட கேக்கலயா?"

"அவகிட்ட கேட்டா அழுதா."

பெனினா கையைக் கழுவி, டப்பாவைத் திறந்து கருவியை மாட்டிக்கொண்டாள். இசக்கி அறையின் அந்த மூலைக்குப் போய் முதுகைக் காட்டி நின்றாள். உதடு பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்று பார்க்கிற பிள்ளை.

"என் பேர் இசக்கி," என்றாள் சத்தமாக.

அந்த ஒலி முழுதாக வந்தது. நன்றாகத் தீட்டிய கத்தி மாதிரி, கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தி. பெனினா அதை இத்தனை கூர்மையாகக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்றோ!

"வருதா?" என்று கேட்டுவிட்டு, பதில் முகத்தில் இருக்கும் என்பதால் பிள்ளை வேகமாகத் திரும்பினாள்.

"வருது. முழுசா வருது."

"நெசமா? எனக்காகச் சொல்லலியே?"

"நெசமா. எட்டு ஊருக்குக் கேக்கும்."

இசக்கியின் முகம் மலர்ந்தது. "அப்ப சரி," என்றாள். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பெனினா இரண்டு தடவையும் தலையாட்டினாள். பிறகு பிள்ளை சுவரில் தொங்கிய படங்களை வேடிக்கை பார்க்கப் போய்விட்டாள்.

தெருவில் கோமுவுக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது. மரத்தடியிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏட்டி!"

சுவரைப் பார்த்து நின்ற இசக்கி, ஓட்டை விழாத அந்தச் சொல்லுக்குச் சட்டென்று திரும்பினாள். "வாரேன் டீச்சர்," என்று ஓடினாள்.

பெனினா வாசல்வரை வந்தாள். தாயும் மகளும் தெருமுனை திரும்பும்வரை கருவியைக் கழற்றாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டி வருது ஏட்டி, ஓரமா வா ஏட்டி, கையப் பிடி ஏட்டி என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே போனாள் கோமு. மகளின் பெயரை அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.